பூவாளியின் தலை கழல்கிறதா பாருங்கள்

பூவாளி வாங்கும்போது, தண்ணீர் தெளிக்கும் தலைப்பகுதி தனியாகக் கழன்று வருகிறதா என்று கடையிலேயே திருகிப் பாருங்கள். போர்வெல் தண்ணீரின் உப்பு அந்தச் சின்னத் துளைகளில்தான் படியும். கழற்ற முடிந்தால், பிளாஸ்டிக் தலையை ஓர் இரவு வினிகரில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தால் போதும், அடைப்பு நீங்கிவிடும். அளவு 5 லிட்டர் சரியாக இருக்கும். 10 லிட்டர் என்றால் தண்ணீரே 10 கிலோ, நம் கை தாங்காது. அப்புறம், பிளாஸ்டிக்கை நிழலில் வையுங்கள். தகரப் பூவாளி வெயிலைத் தாங்கும், ஆனால் புளித்த மோர்க் கரைசல் தெளிப்பவர்களுக்கு வேண்டாம்; புளிப்பு துத்தநாகப் பூச்சை அரித்துவிடும். நாலைந்து செடித் தொட்டிதான் என்றால் பூவாளியே தேவையில்லை, மூடியில் துளையிட்ட தண்ணீர் பாட்டில் போதும்.