தசைநோயும் சி.பி.கே. பரிசோதனையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான்கு வயதுப் பையனுக்குக் காய்ச்சல் என்று எடுத்த ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளாக அறியப்படும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் 300, 400 என்று வந்துவிட்டால், மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒன்றுதான். காமாலை என்று வீட்டில் பேச்சு எழும். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பார்கள். எண்ணெயையும் உப்பையும் நிறுத்திவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து எடுத்தாலும் அதே எண்கள் வர, கல்லீரல் மருத்துவரிடம் போய், வைரஸ் பரிசோதனைகளும் ஸ்கேனும் முடிந்து, சில சமயம் கல்லீரலில் ஊசி செலுத்தித் திசு எடுப்பது வரைக்கும் காரியம் போய்விடும். இத்தனைக்கும் நடுவில், அந்தப் பையன் தரையிலிருந்து எழும்போதெல்லாம் முதலில் குப்புறத் திரும்பி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, பிறகு முழங்காலிலும் தொடையிலுமாகக் கையை மாற்றி மாற்றி வைத்துத் தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுகிறான் என்பதை ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். 1879-ஆம் ஆண்டிலேயே வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய நரம்பியல் மருத்துவர் விவரித்த, தசை பலவீனத்தின் அடையாளம் அது. அதைப் பார்க்க ஒரு பாயும் ஒரு நிமிடமும் போதும்.

எஸ்.ஜி.ஓ.டி.யும் எஸ்.ஜி.பி.டி.யும் கல்லீரலுக்கு மட்டுமே உரிய நொதிகள் அல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் அவை ரத்தத்தில் ஏறும். கல்லீரல் கோளாற்றைக் காட்டும் பிலிருபினும் காமா ஜி.டி.யும் சரியாக இருந்து, இந்த இரண்டு மட்டும் மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்தால், கல்லீரலைக் குடைவதற்கு முன்னால் கேட்கவேண்டியது, ரத்தத்தில் கசிந்த தசை நொதியை அளக்கும் சி.பி.கே. பரிசோதனை. சில நூறு ரூபாயில் முடிகிற, வெறும் வயிறுகூடத் தேவைப்படாத அந்தப் பரிசோதனையைக் கேட்காமல் விடுவதையே இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் முதலாவதாக வைப்பேன். ஒன்றரை வயதாகியும் நடக்காத பையன், பேச்சும் தாமதமாக வருகிற பையன், ஓடும்போது பின்தங்குகிற பையன், பேருந்துப் படியில் கம்பியைப் பிடித்துத்தான் ஏறுகிற பையன் ஆகிய எல்லோருக்கும் இது பொருந்தும். கெண்டைக்கால் சதை உருண்டு திரண்டிருப்பதைப் பார்த்து, “பேரன் காலைப் பாருங்க, இப்பவே பயில்வான் மாதிரி” என்று பாட்டிமார் மகிழ்வதும் உண்டு. அந்தத் திரட்சி பல சமயம் வலிமையின் அடையாளமே அல்ல.

சி.பி.கே. என்று ஆய்வகச் சீட்டில் அச்சாகும் கிரியாட்டின் கைனேஸ், தசைக்குள்ளேயே இருந்து வேலை செய்யவேண்டிய நொதி. தசை சுருங்குவதற்கான ஆற்றலைத் தரும் ஏ.டி.பி. சில நொடிகளில் செலவாகிவிடும். கிரியாட்டின் பாஸ்பேட்டாகச் சேமித்து வைத்திருக்கும் பாஸ்பேட்டைக் கொண்டு அதை உடனுக்குடன் மறுபடி உண்டாக்கித் தருவது இந்த நொதியின் வேலை. தசை இழையின் சவ்வு பழுதில்லாமல் இருக்கும்வரை இது ரத்தத்துக்கு மிகக் குறைவாகவே வரும். பெரியவர்களுக்கான மேல் எல்லையைப் பல ஆய்வகங்கள் லிட்டருக்கு 200 யூனிட்டை ஒட்டி வைத்திருக்கின்றன. டுஷேன் தசைச்சிதைவு நோயில் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் இல்லாததால், ஒவ்வொரு சுருக்கத்திலும் சவ்வு கிழிகிறது. அந்தக் கிழிசல் வழியாக நொதி வெளியேறி, மூன்று நான்கு வயதில் 10,000, 20,000 என்ற அளவில் நிற்கிறது. ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளுக்கு ஒருவரிடம் காணப்படும் நோய் இது.

ஆகவே, நொதி கூடிப்போனதால் நோய் வந்தது என்று எண்ணுவது தலைகீழான கணக்கு. ஓட்டைக் குடத்தைச் சுற்றிச் சேரும் ஈரத்தைப் போன்றது சி.பி.கே.; ஈரம் ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும், ஈரத்தைத் துடைத்தால் ஓட்டை அடையாது. குடத்தில் தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஈரமும் காய்ந்துவிடும் என்பதைத்தான் பெற்றோர் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. ஐந்து வயதில் 18,000 இருந்தது, பத்து வயதில் 6,000 ஆகிவிட்டது, அந்த லேகியம் வேலை செய்கிறது என்று நம்பி, கையிலிருக்கும் பணத்தையெல்லாம் அதில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் நொதி குறைந்ததற்குக் காரணம், கசிவதற்குத் தசையே குறைந்துபோனதுதான். சிதைந்த இடத்தில் கொழுப்பும் நாரும் வந்துவிட்டன. சி.பி.கே. நோயைக் கண்டுபிடிக்க உதவுமே தவிர, முன்னேற்றத்தை அளக்கும் கோல் அல்ல. எழுந்து நிற்க எத்தனை நொடி ஆகிறது, ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறான், மூச்சின் அளவு என்ன, இதயம் எப்படிச் சுருங்குகிறது என்பவைதான் அந்தக் கோல்கள். மாதம் தவறாமல் சி.பி.கே. எடுத்துக் கோப்பில் அடுக்குவதால் பையனுக்கு ஊசி வலி மட்டுமே மிச்சம்.

நொதிக் குறைபாடே நோயாக இருக்கும் தசைநோய்களும் உள்ளன. அவற்றை இதனோடு குழப்பக் கூடாது. 1951-இல் பிரையன் மெக்கார்டில் விவரித்த நோயில், தசையிலுள்ள கிளைக்கோஜனை உடைக்கும் பாஸ்பாரிலேஸ் இருப்பதில்லை. அவசரமாக நாலு படி ஏறினாலே தசை பிடித்துக்கொள்ளும், சற்று நின்று மெல்லத் தொடர்ந்தால் நடை இலகுவாகிவிடும். பாம்பே (Pompe) என்ற நோயில் வேறொரு நொதி குறைவு. அதை ஊசி மூலம் ஏற்றும் சிகிச்சை உண்டு. டுஷேனில் குறைவாக இருப்பது நொதி அல்ல, டிஸ்ட்ரோபின். ஏதோ என்சைம் பிரச்சினை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிக்கொள்ளும் குடும்பம், ஒன்றுக்கான மருந்தை இன்னொன்றுக்குத் தேடி அலையும்.

இனி, பரிசோதனை எடுக்கும் விதம். காய்ச்சலுக்கும் உடம்பு வலிக்கும் உடனே ஒரு ஊசி போட்டுக்கொண்டு வருவது நம் பக்கத்தில் ஊறிப்போன பழக்கம். தசையில் போடும் ஊசியே சி.பி.கே.யை ஏற்றிவிடும். தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பாதயாத்திரை போய்த் திரும்பிய வாரத்தில் எடுத்தாலும், கபடிப் போட்டி முடிந்த மறுநாள் எடுத்தாலும், ஜிம்மில் புதிதாகச் சேர்ந்த மூன்றாம் நாள் எடுத்தாலும் எண் உயர்ந்தே வரும். விழுந்து அடிபட்டது, வலிப்பு வந்தது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, தைராய்டு குறைவு ஆகியவையும் காரணமாகலாம். பயிற்சியால் ஏறியது பொதுவாக ஒரு வாரம், பத்து நாளில் இறங்கிவிடும். அதனால் ஓய்வுக்குப் பின் ஒருமுறை எடுத்துப் பார்க்காமல் யாரையும் தசை நோயாளி ஆக்கிவிடக் கூடாது. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது: தளர்நடை போடும் குழந்தையின் 15,000-ஐ, நன்றாக விளையாடுகிறான், அதனால்தான் என்று ஒதுக்கிவிடுவது. வழக்கமான விளையாட்டில் குழந்தையின் சி.பி.கே. அந்த உயரத்தில் மாதக்கணக்காக நிற்பதில்லை.

மூத்த பையனுக்கு நோய் இருக்கும் வீட்டில் அடுத்த ஆண் குழந்தை பிறந்ததும், பிரசவ அறையிலேயே ரத்தம் எடுக்கச் சொல்லிக் கேட்பார்கள். பிறந்த முதல் சில நாள்களில் எல்லாக் குழந்தைக்கும் சி.பி.கே. கூடுதலாகத்தான் இருக்கும், அந்தப் பதற்றம் தேவையற்றது. மூத்தவனின் மரபணுப் பிழை தெரிந்திருந்தால், இளையவனுக்கு நேரடியாக அதையே தேடிப் பார்த்துவிடலாம்.

ஆய்வகம் தொடர்பாக இன்னும் இரண்டு. சிறிய ஆய்வகக் கருவிகளுக்கு அளக்கக்கூடிய உச்ச வரம்பு உண்டு. அதற்கு மேல் போனால் ரத்த மாதிரியை நீர்த்து மறுபடி அளக்கவேண்டும். நீர்க்காமல் வந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், பதினாயிரத்தில் இருப்பது சில ஆயிரமாகத் தெரியும். மற்றொன்று, சி.கே.-எம்.பி. இது இதயத்துக்கே உரியது என்று பலரும் நினைக்கிறார்கள்; சிதைந்து சிதைந்து மறுபடி வளரும் தசையிலிருந்தும் இது வரும். தசைச்சிதைவு உள்ள பையனுக்கு இந்த எண் கூடியிருப்பதை மட்டும் வைத்து மாரடைப்பு என்று பதறக் கூடாது. அதே மூச்சில், இதயம் தப்பிவிடும் என்று அசட்டையாகவும் இருக்கக் கூடாது. டுஷேனில் இதயத் தசையும் பலவீனமாகும் என்பதால், நோய் தெரிந்த நாளிலிருந்தே ஆண்டுதோறும் எக்கோ பார்ப்பது அவசியம்.

சி.பி.கே. சரியாக இருக்கிறது, ஆகவே தசைநோய் இல்லை என்று முடித்துவிடுவதும் தவறு. முதுகுத்தண்டு நரம்பணுக்கள் அழிவதால் வரும் எஸ்.எம்.ஏ.வில் இது சரியாகவோ சற்றே கூடுதலாகவோதான் இருக்கும். முகமும் தோளும் மெலியும் வகையிலும், இறுகிய பிடி விடாமல் நிற்கும் மயோடோனிக் வகையிலும் எண் பெரிதாக ஏறாமலே நோய் இருக்கலாம்.

பெரியவர்களிடம் நடக்கும் ஒரு தவறைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பதினெட்டு, இருபது வயது வரை ஓட்டத்திலும் கபடியிலும் முன்னால் நின்ற பையனுக்கு மெல்ல நுனிக்காலில் நிற்க முடியாமல் போகிறது, பரணில் இருப்பதை எக்கி எடுக்க வரவில்லை, கெண்டைக்கால் மெலிகிறது. சி.பி.கே. 10,000-ஐத் தொடுகிறது. தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தால் அங்கங்கே அழற்சி அணுக்களும் தென்படுகின்றன. உடனே, தசை அழற்சி நோயான பாலிமயோசைட்டிஸ் என்று எண்ணி ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்குகிறார்கள். முகம் ஊதுகிறது, சர்க்கரை ஏறுகிறது, கால் மட்டும் தேறுவதில்லை. இது பல சமயம் டிஸ்ஃபெர்லின் என்ற புரதக் குறைவால் வரும் மரபு நோய். இதற்கு ஸ்டீராய்டு பயன் தருவதில்லை. பலவீனத்தைக் கூட்டவும் செய்யலாம். டுஷேனில் நடையைச் சில ஆண்டுகள் நீட்டித்துத் தரும் அதே மருந்து இங்கே வீண் என்பதால்தான், எண்ணைப் பார்த்து மருந்து எழுதுவது ஆபத்தாகிறது. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு கொடுத்தும் கால் தேறாத இளைஞருக்கு மரபணுப் பரிசோதனை செய்யாமல் மாத்திரை அளவை மட்டும் கூட்டிக்கொண்டே போவதை ஏற்க முடியாது.

டிஸ்ஃபெர்லின் வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று உறவுக்குள் கொடுத்து வாங்கும் குடும்பங்களில் இத்தகைய நோய்களுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆனால் டுஷேனின் வழி வேறு. அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. சொந்தத்தில் கட்டியதால்தான் பையனுக்கு இப்படி ஆயிற்று என்று டுஷேன் குடும்பத்தில் பேசுவது பிழை. அசலில் கொடுத்திருந்தாலும் அந்தத் தாய் வழியாக அது வந்திருக்கும். தாய் கேரியராக, அதாவது பழுதான மரபணுவைச் சுமப்பவராக இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவீத வாய்ப்பு, ஒவ்வொரு மகளும் கேரியராக 50 சதவீத வாய்ப்பு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பையன்களுக்குத் தாயிடம் எந்தப் பழுதும் இல்லாமல் புதிதாகவே பிழை நேர்கிறது. ஆகவே எல்லாப் பழியையும் மருமகள் தலையில் கட்டுவதற்கு அறிவியலில் இடமே இல்லை. முறைப்பெண் கணக்குப் பார்க்கும் நம் ஊருக்கு இன்னொன்றையும் சொல்லலாம்: நோயாளிச் சிறுவனின் தாய்மாமன் திடகாத்திரமாக வளர்ந்த ஆள் என்றால், அவர் மகளுக்கு அவர் வழியாக டுஷேன் போகாது. கவலைப்பட வேண்டியது பையனின் அக்காள் தங்கையைப் பற்றியும், தாயுடன் பிறந்த பெரியம்மா, சித்தியைப் பற்றியும் அவர்களுடைய பெண்களைப் பற்றியும்தான்.

இந்தப் பெண்களுக்கு ஒரு சி.பி.கே. எடுத்து, எண் சரியாக வந்ததும், உனக்கு ஒன்றுமில்லை என்று திருமணத்துக்கு அனுப்பிவைப்பது நான் பெரிதும் அஞ்சும் தவறு. கேரியர் பெண்களில் கணிசமானவர்களுக்கு சி.பி.கே. சரியான அளவிலேயே இருக்கும். மரபணுப் பரிசோதனை ஒன்றுதான் விடை சொல்லும். அதற்கும் முதலில் பையனின் பிழை என்னவென்று தெரிந்திருக்கவேண்டும். குணமாக்கும் மருந்துதான் இல்லையே, அந்தச் செலவு எதற்கு என்று பையனின் பரிசோதனையைத் தள்ளிப்போடும் வீடுகளில், பத்து ஆண்டு கழித்துத் தங்கைக்குக் கல்யாணம் பேசும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இருப்பதில்லை. டிஸ்ட்ரோபினுக்கான மரபணு, எக்ஸான் எனப்படும் 79 பகுதிகள் கொண்ட மிகப் பெரிய மரபணு; அதில் பெரிய நீக்கங்களையும் இரட்டிப்புகளையும் காட்டும் எம்.எல்.பி.ஏ. என்ற பரிசோதனை முதலில் செய்யப்படும். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் நோய் இல்லை என்று பொருளில்லை, எழுத்தெழுத்தாக வாசிக்கும் அடுத்த பரிசோதனைக்குப் போகவேண்டும் என்று பொருள். மதுரையில் அரசு இராசாசி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவில் தொடங்கலாம், கோவையிலுள்ள எம்.டி.சி.ஆர்.சி. மையம் டுஷேன் குடும்பங்களுக்கென்றே மரபணுப் பரிசோதனையும் ஆலோசனையும் தந்துவருகிறது. தாயின் ரத்தத்தில் பிழை இல்லை என்று வந்தாலும், கருமுட்டைகள் சிலவற்றில் மட்டும் அது ஒளிந்திருக்கலாம் என்பதால், அடுத்த கர்ப்பத்தின்போதும் ஆலோசனை பெறுவது நல்லது. கருவின் பாலினத்தை அறிவது சட்டப்படி குற்றம் என்பதால் இந்தப் பரிசோதனையும் கூடாது என்று சிலர் தயங்குகிறார்கள். பாலினம் சார்ந்து வரும் மரபு நோய்களுக்காகப் பதிவு பெற்ற மையங்களில் கருவைப் பரிசோதிக்க 1994-ஆம் ஆண்டுச் சட்டமே இடம் தருகிறது.

நோய் உறுதியான பிறகு வீட்டில் நடப்பவை சில. நடந்தால்தான் காலில் பலம் ஏறும் என்று பையனை மாடிப்படி ஏற்றி இறக்குவதும், தோப்புக்கரணம் போடவைப்பதும், எண்ணெய் போட்டு முரட்டுத்தனமாக நீவுவதும் பழுதான சவ்வை மேலும் கிழிக்கும்; தசையை மெல்ல இழுத்துவிடும் பயிற்சியும் அளவான நீச்சலும் போதும். டுஷேனுக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டைப் பக்கவிளைவுக்குப் பயந்து ஒரே நாளில் நிறுத்திவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருத்துவர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்கவேண்டும். பல்லோ எலும்போ குடலிறக்கமோ, எந்த அறுவைக்குப் போனாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் நோயின் பெயரை முன்கூட்டியே சொல்லிவிடவேண்டும்; தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் ஊசியும் சுவாசித்து மயங்கவைக்கும் சில வாயுக்களும் இந்தப் பிள்ளைகளின் தசையை ஒரேயடியாகச் சிதைத்து, ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி, இதயத்தை நிறுத்திவிடக் கூடியவை. இதை ஒரு தாளில் எழுதி, பையனின் மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்திலும், அவன் பள்ளிப் பையிலும் ஒவ்வொரு பிரதி வைத்துவிடலாம்.