காவிரிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்: சுற்றுச்சூழல் மாணவர்களுக்குத் தகவலைச் சரிபார்க்கக் கற்பிக்கும் முறை

டெல்டா மாவட்டக் கல்லூரிகளில் சுற்றுச்சூழல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள், நம்பத்தகுந்த இணையதளங்களின் பட்டியலைக் கொடுப்பதோடு தகவல் பயிற்சியை முடித்துவிட வேண்டாம். பட்டியல் தேர்வோடு மறந்துபோகும். ஓர் எண்ணை யார், எங்கே, எப்போது, எந்த அலகில் அளந்தார்கள் என்று கேட்கும் பழக்கம்தான் நிலைக்கும்; அதற்கு மாணவர்களின் வீடுகளில் அன்றாடம் பேசப்படும் காவிரித் தண்ணீரைவிடப் பொருத்தமான பாடப்பொருள் இங்கே இல்லை.

முதல் வகுப்பில், காவிரியில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு ஆண்டுதோறும் தரவேண்டிய நீர் எவ்வளவு என்று தேடிவரச் சொல்லுங்கள். 205 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கனஅடி) என்றும், 192 என்றும், 177.25 என்றும் விடைகள் வரும். எது சரி என்று உடனே சொல்லிவிடாமல், ஒவ்வோர் எண்ணுக்கும் மூல ஆவணத்தையும் தேதியையும் கண்டுபிடிக்கச் செய்யுங்கள். 205 என்பது காவிரி நீர்ப் பிரச்சினையைத் தீர்க்க அமைக்கப்பட்ட நடுவர் மன்றம் 1991இல் பிறப்பித்த இடைக்கால உத்தரவில் உள்ளது, 192 என்பது அதே மன்றத்தின் 2007 இறுதித் தீர்ப்பில் உள்ளது, 177.25 என்பது உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் நிர்ணயித்த அளவு. மூன்றுக்கும் ஆவணம் உண்டு, ஆனால் இன்று நடைமுறையில் இருப்பது கடைசி எண் மட்டுமே. மேலும், முதல் எண் மேட்டூருக்கு வந்துசேர வேண்டிய நீரையும், மற்ற இரண்டும் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படும் நீரையும் குறிப்பதால், அளக்கும் இடத்தைக் கவனிக்காமல் அவற்றை ஒப்பிட முடியாது என்பதையும் மாணவர்களே கண்டடைவார்கள்.

அடுத்து அலகு. மேட்டூரிலிருந்து 10,000 கனஅடி திறப்பு என்று செய்தி வரும்போது, "விநாடிக்கு" என்ற சொல் பல நேரங்களில் விடுபட்டுவிடுகிறது. கரும்பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்: ஒரு நாளுக்கு 86,400 விநாடிகள், எனவே அந்த அளவில் நாள் முழுவதும் திறந்தால் 86.4 கோடி கனஅடி, அதாவது 0.864 டி.எம்.சி. வெளியேறும். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. இந்தக் கணக்கைத் தன் கையால் போட்ட மாணவர், ஒரே நாளில் 10 டி.எம்.சி. திறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்த்ததும், அதற்கு விநாடிக்கு 1,15,000 கனஅடிக்கு மேல் ஓடியிருக்க வேண்டுமே, இது வெள்ளக் காலமா என்று கேட்பார். மேட்டூரில் திறந்த நீரும் கடைமடைக்கு வந்த நீரும் ஒன்றல்ல என்ற அடுத்த கேள்வியையும் அங்கேயே எழுப்பிவிடுங்கள்.

திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைகளைப் படிக்கவைக்கும்போது, 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி அந்த அறிக்கையைத் தயாரிக்க வைப்பது திட்டத்தை முன்மொழியும் நிறுவனமே என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதனால் அறிக்கை பொய்யாகிவிடாது; ஆனால் மாதிரி எடுத்த இடங்களையும் மாதங்களையும் கூர்ந்து பார்க்க அது போதுமான காரணம். தமிழில் கிடைக்கும் சுருக்கத்தோடு நின்றுவிடாமல், ஆங்கில முழு அறிக்கையின் அட்டவணைகளையும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் பதிவையும் சேர்த்துப் படிக்கச் செய்யுங்கள்.

விவசாயிகளின் வாய்மொழியை ஆதாரமல்ல என்று ஒதுக்குவது பெருந்தவறு என்றே கருதுகிறேன். வேதாரண்யம் பக்கம் ஒருவர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாகிவிட்டது என்றால், கிணற்றின் ஆழம், கடலிலிருந்து தூரம், உப்பு தெரியத் தொடங்கிய ஆண்டு, கோடையிலா மழைக்குப் பிறகா என்ற விவரங்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் அளவீடுகளோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் முரண்பட்டால், வாரியத்தின் கண்காணிப்புக் கிணறு எவ்வளவு தொலைவில், எந்த ஆழத்தில் இருக்கிறது என்று பார்ப்பதே அடுத்த வேலை. குடிநீரில் கரைந்த உப்புகளுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்ற இந்தியத் தர அளவை நெல் வயலுக்குப் பொருத்திப் பார்ப்பதையும் தடுக்க வேண்டும். அது வேறொரு தேவைக்கு வகுத்த அளவு.

மதிப்பெண் போடும்போது, விடைக்குப் பாதியும், அந்த விடையை மூல ஆவணம்வரை பின்தொடர்ந்து சென்ற வழியை எழுதியதற்குப் பாதியும் ஒதுக்குங்கள். விடை கிடைக்காமல், தேடிய இடங்களை மட்டும் ஒழுங்காகக் குறித்து வந்த மாணவருக்கும் அந்தப் பாதி முழுமையாகச் சேர வேண்டும்.