நடுவழியில் கார் நின்றால்: நெல்லையிலிருந்து பிரிட்டன் போகும் பிள்ளைகளுக்கு

ஆகஸ்ட் பிறந்தால் பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலேயே பெட்டி கட்டுகிற வீடு ஒன்றிரண்டு இருக்கும். பிள்ளைகள் மேற்படிப்புக்கு பிரிட்டன் போகிறார்கள். நான் பல வருடம் அங்கே இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் என்பதால் என்னிடம் வந்து கேட்பார்கள். ஸ்வெட்டர் இங்கே வாங்கவா அங்கே வாங்கவா, குக்கர் கொண்டு போகலாமா, இட்லி அரிசி கிடைக்குமா? கார் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால் போன முதல் வருடத்திலேயே நாலைந்து நண்பர்கள் சேர்ந்து ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஸ்காட்லாந்து மலைப்பக்கம் கிளம்பிவிடுவார்கள். கிளென்கோ, ஃபோர்ட் வில்லியம், ஸ்கை தீவு. அவசியம் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்தான். வழியில் வண்டி நின்றால் என்ன செய்வது என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள்.

நம் தென்காசி ரோட்டில் ஆலங்குளம் தாண்டி வண்டி நின்றால், பானட்டைத் தூக்குவதற்குள் ரெண்டு பேர் வந்து என்னாச்சு என்று கேட்பார்கள். டீக்கடை அண்ணாச்சி யாரையாவது பைக்கில் அனுப்பி மெக்கானிக்கைக் கூட்டி வரச் சொல்வார். அந்தத் தைரியத்திலேயே வண்டி ஓட்டிப் பழகியவர்கள் நாம். ஸ்காட்லாந்திலும் வண்டியை நிறுத்தி விசாரிக்கிற நல்ல மனிதர்கள் உண்டு. ஆனால் வழியில் பஞ்சர் கடை கிடையாது, அடுத்த ஊர் வெகுதூரம் இருக்கலாம், பல இடங்களில் போனில் சிக்னலே இருக்காது. அதனால் உதவிக்கு ஆள் ஏற்பாடு செய்துகொண்டுதான் புறப்பட வேண்டும்.

வாடகைக் கார் என்றால், வண்டி நின்றால் அழைக்க வேண்டிய எண் சாவிக் கொத்திலோ காகிதங்களிலோ இருக்கும். எல்லோர் போனிலும் அதைப் பதிந்துகொள்ளுங்கள். டயர், கண்ணாடி, தொலைந்த சாவி, மாற்றிப் போட்ட எரிபொருள் இவற்றுக்கெல்லாம் அடிப்படை வாடகையில் பெரும்பாலும் பாதுகாப்பு இருக்காது என்பதையும் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். நண்பருடைய பழைய கார் என்றால் 1905-ல் தொடங்கிய ஏஏ, அதைவிடப் பழைய ஆர்ஏசி போன்ற, வண்டி நின்றால் வந்து உதவுகிற அமைப்புகளில் சேர்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். அதிலும் குறைந்த கட்டணத் திட்டத்தில் பக்கத்து கேரேஜ் வரைதான் இழுத்துப் போவார்கள். வீடு வரை கொண்டுவந்து விட வேண்டுமென்றால் கூடுதல் கட்டணத் திட்டம் வேண்டும். மலைப்பக்கம் போகிறவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

அப்புறம் நம் பழக்கம் ஒன்று: தூரப் பயணத்தில் மாற்றி மாற்றி ஓட்டுவது. அங்கே இன்சூரன்ஸ் பெரும்பாலும் ஆளைப் பார்த்துத்தான். பெயர் சேர்க்காத நண்பர் ஸ்டியரிங்கைப் பிடித்தால் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே ஆகும். 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளி, வண்டியையும் போலீஸ் எடுத்துப் போகலாம். யார் யார் ஓட்டப்போகிறீர்கள் என்று முதலிலேயே முடிவு செய்து அத்தனை பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். இப்போது வரும் பல கார்களில் ஸ்டெப்னியே இல்லை. ஒரு பசை பாட்டிலும் சின்ன ஏர் பம்பும்தான் இருக்கும். ஸ்கை தீவில் எங்கள் நண்பர் கூட்டத்துக்கு அப்படித்தான் நடந்தது. ரோட்டுக் குழியில் இறங்கி டயர் பக்கவாட்டில் கிழிந்துவிட்டது. ஆணி குத்திய துளையை அந்தப் பசை அடைக்கும், பக்கவாட்டுக் கிழிசலுக்கு அது உதவாது. ஞாயிற்றுக்கிழமை வேறு. டயர் கிடைக்க மறுநாள் ஆகிவிட்டது. ஸ்டெப்னி இருந்தாலும், வீல் நட்டுக்குத் தனிச் சாவி உண்டா, அது எங்கே இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் சக்கரத்தைக் கழற்றவே முடியாது. டயர் பட்டன் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் சட்டப்படியே குற்றம்.

விமானம் ஏறும் முன் வண்ணார்பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ தெரிந்த மெக்கானிக் கடையில் ஒரு சாயங்காலம் நின்று, ஜாக்கி போட்டு டயர் மாற்றப் பழகிக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளும்தான். பேட்டரி டவுன் ஆனால் கேபிள் கொடுப்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: சிவப்பைச் சிவப்போடு, பிறகு கறுப்பை நல்ல பேட்டரியில், கடைசி முனையை நின்றுபோன வண்டியின் இன்ஜின் இரும்பில்.

பெட்ரோல் பங்கில் அங்கே நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். இங்கே அந்தக் குழாயைக் கையில் தொடாதவர்கள்தான் அதிகம், அதனால் சொல்கிறேன்: பச்சை பெட்ரோல், கறுப்பு டீசல். மாற்றிப் போட்டுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. இன்ஜின் ஓடாதவரை டேங்கைக் காலி செய்து சுத்தம் செய்தால் போதும். ஓடிவிட்டால் செலவு பல மடங்கு. மலைப்பக்கம் பங்குகள் அரிது, சில இடங்களில் இரவு மூடியும் விடுவார்கள். பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுங்கள்.

சரி, வண்டி நின்றேவிட்டது. மோட்டார்வே, அதாவது அங்கத்து அதிவேக நெடுஞ்சாலை என்றால் இடது ஓரம் ஒதுக்கி, ஹசார்ட் லைட் போட்டு, எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லுங்கள். குளிரென்று உள்ளே உட்கார வேண்டாம், அங்கே ஆள் சாவது அப்படித்தான். முக்கோணப் பலகையை மோட்டார்வேயில் வைக்கக் கூடாது. மற்ற ரோடுகளில் வண்டிக்குப் பின்னால் 45 மீட்டராவது தள்ளி வையுங்கள். மோட்டார்வே ஓரத்தில் ஆரஞ்சு நிறப் போன் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். நீங்கள் நிற்கிற இடம் எதிர்முனைக்குத் தானாகவே தெரியும்.

மலை ரோடுகள் பல ஒற்றைப் பாதை, மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறியவர்களுக்குப் பழக்கமானதுதான். எதிரே வருகிற வண்டிக்கு ஒதுங்க இடையிடையே இடம் விட்டிருப்பார்கள். போட்டோ எடுக்கவோ சாப்பிடவோ அதில் வண்டியைப் போட்டுவிடாதீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கு அது பெரிய தொந்தரவு. மேப்பை முன்பே போனில் இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இருக்குமிடத்தை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களோடு காட்டும். உதவி கேட்கும்போது ஊர்ப் பெயரைத் தடுமாறிச் சொல்வதைவிட அந்த எண்களை வாசித்துவிடுவது நல்லது. உயிருக்கு ஆபத்து என்றால் 999. உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லையென்றாலும் வேறு கம்பெனி சிக்னல் இருந்தால் அந்த அழைப்பு போகும். 999-க்கு ரெஜிஸ்டர் என்று ஆங்கிலத்தில் எஸ்எம்எஸ் அனுப்பி முன்பே பதிந்துகொண்டால் அவசரத்தில் எஸ்எம்எஸ் மூலமும் உதவி கேட்கலாம்.

டிசம்பரில் அங்கே நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும். கம்பளி, டார்ச், தண்ணீர், போனுக்கு பவர் பேங்க், கொஞ்சம் கட்டுச்சோறு இவை வண்டிக்குள் இருக்கட்டும்.

வண்டியை எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ஏதாவது சேதமானால் கார்டு கொடுத்தவர் கணக்கிலிருந்துதான் பணம் போகும். அதை எல்லோரும் சமமாகப் பிரித்துக்கொள்வதாகப் புறப்படும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் லைசென்ஸ் அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும். அதை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், அங்கே புதிதாகத் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். அடுத்த கோடைக்கும் வண்டி எடுக்க நினைத்தால் முதல் குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.