பழைய இரட்டை எஞ்சின் வேகப்படகு: எஞ்சின் மாற்றுவதும் ஓட்டிச் சோதிப்பதும்

1980-களில் ஃபுளோரிடாவில் வார்த்த 27, 28 அடி டீப்-வீ (ஆழ்ந்த V வடிவ அடிப்பாகம் கொண்ட) படகுகள் அமெரிக்க யார்டுகளில் இன்னும் நிறையக் கிடக்கின்றன. ஃபைபர் உடம்பு பெரும்பாலும் தாங்கும். உள்ளே இருக்கும் இரண்டு 5.7 லிட்டர் மெர்க்ரூசர் 260 (260 குதிரைத்திறன், அதாவது எச்.பி.) எஞ்சின்களும்தான் ஓய்ந்துபோயிருக்கும். படகு வடிவமைப்பாளர் ரே ஹன்ட் வரைந்த 'மோப்பி' படகு 1960-இல் மயாமி–நாசாவ் பந்தயத்தை ஜெயித்தபிறகு பரவிய வடிவம் இது. அடிப்பாகம் பின்கோடி வரை ஏறத்தாழ 24 பாகை சரிந்தே இருக்கும். அலையை நன்றாக வெட்டும். ஆனால் ஒரு பக்கம் எடையோ இழுவையோ கூடினால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கீழே சொல்வதெல்லாம் இந்த வகைப் படகில், ஆல்ஃபா ஒன் ஸ்டெர்ன்டிரைவை (பின்சுவருக்கு வெளியே தொங்கி, உள்ளிருக்கும் எஞ்சினால் புரொப்பல்லரைச் சுற்றும் பகுதி) வைத்துக்கொண்டு, இரண்டு புது 5.7 லிட்டர், 300 எச்.பி. பெட்ரோல் எஞ்சின் ஏற்றுவதற்கு.

வேலை தொடங்குவதிலிருந்து கடைசி ஓட்டம் வரை நினைவில் இருக்க வேண்டியது ஒன்று: இரண்டு எஞ்சின் இருப்பது செலவு மட்டுமல்ல, வசதியும்கூட. ஒன்றின் அளவு சரியா என்று சந்தேகம் வந்தால் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. எதை அளந்தாலும் இரண்டிலும் அளந்து, பக்கம் பக்கமாக எழுதி வையுங்கள்.

முதலில் காகிதத்தில்

எவ்வளவு வேகம் கூடும் என்பதற்கு க்ரவுச் சூத்திரம் போதும். ஆள், எரிபொருள் எல்லாம் சேர்ந்த எடையை (பவுண்டில்) மொத்தக் குதிரைத்திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள். 200-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்கு எத்தனை மைல் என்று கிடைக்கும். 7,500 பவுண்டு படகில் 520 எச்.பி.-க்கு ஏறத்தாழ 53 மைல், 600 எச்.பி.-க்கு 57 மைல். அதாவது எண்பது குதிரைக்கு நாலு மைல்தான். இதைப் பார்த்துவிட்டு "அப்படியானால் 454 (7.4 லிட்டர்) பிக் பிளாக் போட்டுவிடலாமே" என்று தோன்றும். ஒவ்வொரு பக்கமும் எண்பது, நூறு கிலோ பின்னால் ஏறும். மூக்கு தூக்கும், பிளேன் ஆக (நீர்மேல் எழும்பிச் சறுக்க) நேரம் பிடிக்கும், ஆல்ஃபா டிரைவும் அந்த முறுக்கைத் தாங்காது. இந்த நீளத்துக்கு 5.7 லிட்டர் ஸ்மால் பிளாக்கே சரி.

எஞ்சினைத் தூக்கியதும்

தூக்குவதற்கு முன் மவுன்ட்களின் உயரம், இரண்டு கிராங்குகளுக்கும் நடுவே உள்ள தூரம், மேலே ஹேட்ச் வரை உள்ள இடைவெளி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். 2010-க்குப் பிந்தைய அமெரிக்க எஞ்சின்களில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருப்பதால் எக்ஸாஸ்ட் பகுதி அகலம். நடுவில் கை போக இடமில்லாவிட்டால் உள்பக்க ஸ்பார்க் பிளக்கை மாற்ற எஞ்சினையே தூக்க வேண்டிவரும்.

காலி அறையில்தான் டிரான்சமையும் (படகின் பின்சுவர்) ஸ்டிரிங்கரையும் (அடியில் நீளவாக்கில் ஓடும் தாங்குகட்டை) ஒழுங்காகச் சோதிக்க முடியும். பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். 'டக்' என்று கேட்டால் நல்லது, 'பொத்' என்றால் உள்ளே பிளைவுட் ஊறியிருக்கிறது. சந்தேகமான இடத்தில் உள்பக்கமிருந்து 6 மி.மீ. துளை போட்டு வரும் தூளைப் பாருங்கள். உலர்ந்த வெளிர் தூள் என்றால் எபாக்ஸியால் அடைத்துவிடலாம். கறுத்த ஈரக் கூழ் வந்தால் அந்தக் கோரை (ஃபைபருக்கு உள்ளிருக்கும் பிளைவுட்டை) வெட்டி எடுக்கத்தான் வேண்டும். புதுக் கோர் வைத்து ஃபைபர் ஒட்டும் விளிம்பை 12-க்கு 1 சரிவாகத் தேய்க்க வேண்டும். செங்குத்தாக வெட்டி ஒட்டினால் அந்தக் கோட்டிலேயே விரியும். முடிந்த டிரான்சம் 51 முதல் 57 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். அந்தத் தடிமன் இடத்துக்கு இடம் 3 மி.மீ.-க்கு மேல் மாறினால் டிரான்சம் பிளேட் இறுக்கும்போதே வளையும்.

பெட்ரோல் டேங்க் ஃபோமில் புதைந்த அலுமினியமாக இருக்கும். 3 பி.எஸ்.ஐ. காற்று அடைத்துச் சோதியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். எஞ்சின் வெளியே இருக்கும்போது டேங்க் மாற்றுவது ஒரு நாள் வேலை. பிறகு என்றால் தளத்தை வெட்ட வேண்டும்.

எஞ்சின் வாங்கும்போது

கார் எஞ்சினை மலிவாக வாங்கிப் போடுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பிளாக் ஒன்றுதான்; மற்றது ஒன்றல்ல. மரைன் எஞ்சினில் கோர் பிளக் பித்தளை, ஹெட் கேஸ்கெட் உப்புநீரைத் தாங்கும் வகை. கேம்ஷாஃப்டும் வேறு: கார் ரேஸ் கேம் போட்டால் வால்வுகள் ஒருசேரத் திறந்திருக்கும் நேரம் கூடி, எக்ஸாஸ்டில் கலக்கும் நீரை சிலிண்டர் திரும்ப உறிஞ்சும். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃப்யூவல் பம்ப் நான்கும் பொறி வெளியே வராதபடி அடைக்கப்பட்ட மரைன் வகையாக இருப்பது கட்டாயம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) தேங்கி நிற்கும். கார் ஆல்டர்னேட்டரின் ஒரு பொறி போதும்.

1986-ஐ ஒட்டி 350 (அதாவது 5.7 லிட்டர்) பிளாக்கின் பின் மெயின் சீல் இரண்டு துண்டிலிருந்து ஒரே துண்டாக மாறியது. அதோடு ஃப்ளைவீல் போல்ட் வட்டமும் 3.58 அங்குலத்திலிருந்து 3.00 அங்குலமாகச் சுருங்கியது. புதிய வகைக்கு எதிர் எடை வார்த்த ஃப்ளைவீல்தான் சேரும். பழைய ஃப்ளைவீலையும் கப்ளரையும் (எஞ்சினை டிரைவ் ஷாஃப்டோடு இணைக்கும் பகுதி) அப்படியே மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். சில பழைய ஜோடிகளில் ஒரு எஞ்சின் எதிர்ச்சுற்று என்பதையும் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். ஃப்ளைவீல் பக்கம் நின்று பார்த்தால் சாதாரண எஞ்சின் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும்.

உட்கார வைத்து அலைன்மென்ட் பிடிப்பது

பின் மவுன்ட்களை முதலில் இறுக்கிவிட்டு, டிரைவ் இல்லாத நிலையில் வெளியிலிருந்து அலைன்மென்ட் பாரை (நேர்கோடு பார்க்கும் தண்டு) கிம்பல் பேரிங் (டிரான்சமில் டிரைவ் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங்) வழியாக கப்ளருக்குள் விடுங்கள். பாரின் முனையில் கிரீஸ் தடவியிருக்க வேண்டும். இரண்டு விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும். சுத்தியலால் தட்டித்தான் போகிறது என்றால் அது அலைன்மென்டே இல்லை. வெளியே எடுத்து கிரீஸில் விழுந்த ஸ்பிளைன் கோடுகளைப் பாருங்கள். சுற்றிலும் ஒரே ஆழமாக இருந்தால் முடிந்தது. ஒரு பக்கம் அழுத்தமாக இருந்தால் முன் மவுன்ட் நட்டை அரைச் சுற்று திருப்பி மறுபடி விட்டுப் பாருங்கள். அவசரப்பட்டால் கப்ளர் ரப்பர் கருகும், கிம்பல் பேரிங் உறும ஆரம்பிக்கும். இரண்டில் எது போனாலும் டிரைவைக் கழற்றியாக வேண்டும்.

டிரைவ் வெளியே இருக்கும்போதே கிம்பல் பேரிங், எல்லா பெல்லோஸ் (மடிப்பு ரப்பர் உறை), கியர் ஷிஃப்ட் கேபிள் மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். ஆல்ஃபாவில் ஷிஃப்ட் கேபிள் இறுகினால் நியூட்ரலுக்கு வரும்போது எஞ்சின் அணையும், அதுவும் ஜெட்டியை நெருங்கும் நேரத்தில். டிரைவ் நட்டுகள் 50 அடி-பவுண்டு, அதாவது 68 நியூட்டன் மீட்டர்.

பழைய எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டையும் ரைசரையும் (அதன் மேல் மாட்டும் வளைகுழாய்) புது எஞ்சினில் மாட்டாதீர்கள். உப்புநீரில் அவற்றின் ஆயுள் மூன்றிலிருந்து ஐந்து வருடம். உள்ளே துரு தின்றபின் நீர் நேராக சிலிண்டருக்கு இறங்கும். எக்ஸாஸ்ட் பைப்பில் உள்ள ரப்பர் ஷட்டரையும் மாற்றுங்கள். முன்பு எப்போதோ சூடேறிக் கருகிய ஷட்டர் துண்டு குழாயை அடைத்துக்கொண்டிருந்தால், புது எஞ்சின் சூடாவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டிவரும்.

எரிபொருள் ஹோஸ் ஏ1-15 என்று அச்சிட்ட வகை. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி 10 மைக்ரான் நீர் பிரிக்கும் ஃபில்டர். டேங்க் மேலுள்ள ஆன்டி-சைஃபன் வால்வை (குழாய் உடைந்தால் பெட்ரோல் தானாக வழியாமல் தடுப்பது) மறக்கவேண்டாம், சின்னப் பொருள், ஆனால் பாதி அடைத்தாலே உச்ச வேகத்தில் எஞ்சின் மூச்சு வாங்கும்.

மின்சாரத்தில் பலரும் விட்டுவிடுவது இரண்டு பிளாக்குகளையும் இணைக்கும் எர்த் கேபிள். பேட்டரி கேபிள் அளவுக்குத் தடிமனாகவே இருக்க வேண்டும். ஒரு எஞ்சினின் எர்த் இணைப்பு தளர்ந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் திரும்பிவர வேறு வழி தேடும். த்ராட்டில் கேபிளின் எஃகு உறையும் மீட்டர் ஒயரும்தான் அந்த வழி. ஒயர் உருகி, உறை சிவக்கும். அமெரிக்கக் கடலோரக் காவல்படை விதியே இந்தப் பொது இணைப்பைக் கேட்கிறது.

கரையில் முதல் ஸ்டார்ட்

எஞ்சின் அறை ஆவியை வெளியேற்றும் ப்ளோயரை நாலு நிமிடம் ஓடவிட்டு, பிறகு பில்ஜில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள். டிரைவில் நீர் மஃப் (நீர் உறிஞ்சும் துளைகளுக்கு ஹோஸ் நீரைக் கொடுக்கும் ரப்பர் மூடி) மாட்டித் தண்ணீர் திறந்த பிறகே சாவி. ஆல்ஃபாவின் இம்பெல்லர் கீழ் கியர் ஹவுஸிங்கில் இருக்கிறது; உலர்ந்து சில நொடி சுற்றினாலே போதும், சிறகு கிழியும். மஃபில் 1,500 ஆர்.பி.எம்.-க்கு மேல் போகக் கூடாது.

இங்கே ஒரு சிக்கல். ரீபில்ட் செய்த எஞ்சினில் ரோலர் இல்லாத ஃப்ளாட் டாப்பெட் கேம் இருந்தால், முதல் ஸ்டார்ட்டிலேயே 2,000-க்கு மேல் இருபது, முப்பது நிமிடம் ஓட்டியாக வேண்டும். ஐடிலில் விட்டால் கேம் லோப் தேயும். மஃபில் அது முடியாது. எஞ்சின் ஸ்டாண்டிலேயே ஓட்டி முடித்துத் தரச் சொல்லுங்கள், அல்லது படகை நீரில் இறக்கிக் கட்டிவைத்து அங்கே முதல் ஸ்டார்ட் எடுங்கள். எண்ணெயில் துத்தநாகம் கலந்த பிரேக்-இன் வகை வேண்டும். ரோலர் கேம் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

சூடானதும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நாலு ரைசரையும் ஒரே இடத்தில் அளந்து எழுதுங்கள். மூன்று 45 பாகை செல்சியஸ் காட்டி ஒன்று 70 காட்டினால், அந்தப் பக்கம் நீர் குறைவு.

நீரில்

பாதி டேங்க், இரண்டு ஆள், அமைதியான நீர். கில் சுவிட்ச் கயிறு ஓட்டுநர் உடம்பில் மாட்டியிருக்க வேண்டும். 26 அடிக்குக் குறைந்த படகுகளுக்கு 2021 ஏப்ரல் முதல் அமெரிக்காவில் அது சட்டம். 28 அடிக்குச் சட்டம் கேட்காவிட்டாலும் தூக்கி எறியப்பட்டால் விளைவு ஒன்றுதான்.

முதல் 10 மணி நேரம் முக்கால் த்ராட்டிலைத் தாண்டாமல், ஒரே வேகத்தில் நிற்காமல், ஐடிலிலும் நெடுநேரம் விடாமல் ஓட்டுங்கள். அடுத்த 10 மணியில் முழு த்ராட்டில் அவ்வப்போது ஐந்து நிமிடத்துக்கு மிகாமல்.

அளவெடுக்கும் ஓட்டத்தில் டிரிம் டேப் (பின்சுவரின் அடியிலுள்ள சாய்தகடு) மேலே. 2,500-இலிருந்து 500 ஆர்.பி.எம். படியாக ஏறி, ஒவ்வொரு படியிலும் ஜிபிஎஸ் வேகம், இரண்டு எஞ்சின்களின் எண்ணெய் அழுத்தம், வெப்பம். போன வழியே திரும்பி வந்து சராசரி எடுத்தால் காற்றும் நீரோட்டமும் கழிந்துவிடும். உச்சியில் புரொப்பல்லர் ஸ்லிப் (கணக்கில் வரும் வேகத்தைவிட நிஜ வேகம் எவ்வளவு குறைவு என்பது) கணக்கு: ஆர்.பி.எம்.-ஐப் பிட்சால் (புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேற வேண்டிய அங்குலம்) பெருக்கி, கியர் விகிதத்தையும் 1,056-ஐயும் பெருக்கி வந்ததால் வகுங்கள். 4,800, 21 அங்குலப் பிட்ச், 1.50 விகிதம் என்றால் 63.6 மைல். ஜிபிஎஸ் 57 காட்டினால் ஸ்லிப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல்; இந்தப் படகுக்கு நல்ல எண். இருபதைத் தாண்டினால் புரொப்பல்லர் சேதமா, அடிப்பாகத்தில் பாசியா, டிரிம் (டிரைவின் சாய்வு) அதிகமா என்று பாருங்கள். எஞ்சின் தகட்டில் உள்ள உச்ச ஆர்.பி.எம். எல்லையைத் தொடவில்லை என்றால் பிட்சைக் குறையுங்கள். ஓர் அங்குலத்துக்கு 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும். எல்லைக்குக் கீழேயே திணறும் எஞ்சின் சூடேறி, நாக் ஆகி, பிஸ்டனை உடைத்துக்கொள்ளும்.

அதிகம் வரும் புகார்: இடது 4,800 தொடுகிறது, வலது 4,500-இல் நிற்கிறது. உடனே கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். முதலில் டாக்கோமீட்டர்களின் சிக்னல் ஒயரை மாற்றிப் போடுங்கள். குறை மற்ற எஞ்சினுக்கு மாறிக் காட்டினால் பொய் சொன்னது மீட்டர். அதன் பின்னாலுள்ள சிலிண்டர் சுவிட்ச் 8-இல் இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து எஞ்சினை அணைத்து, ஒருவர் லீவரை முழுக்கத் தள்ள இன்னொருவர் த்ராட்டில் தகடு முழுதும் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேபிள் கால் அங்குலம் குட்டையாக இருந்ததே பல 'பலவீனமான எஞ்சின்'களின் நோய். மூன்றாவது, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒளி ஊடுருவும் ஹோஸ் துண்டும் வேக்கம் கேஜும் வைத்து ஓட்டுங்கள். குமிழி வந்தால் காற்று கசிகிறது. வேக்கம் 2 அங்குலப் பாதரசத்தைத் தாண்டினால் அடைப்பு. சோதனை முடிந்ததும் அந்த ஹோஸைக் கழற்றிவிடுங்கள், அது நிரந்தரமாக இருக்கக் கூடாத பொருள். பிறகு டிரிம்: மீட்டரை நம்பாமல் டிரெய்லரில் இரண்டு டிரைவையும் கோண அளவியால் ஒரே கோணத்துக்குக் கொண்டுவந்து, இரண்டு மீட்டரிலும் குறி வையுங்கள். அதற்கப்புறம்தான் கம்ப்ரஷன். மிகக் குறைந்த சிலிண்டர் மிக அதிகமானதன் முக்கால் பங்குக்குக் கீழே போகக் கூடாது.

ஐம்பது மைலுக்கு மேல் படகு இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தால், அது சைன் வாக். ஸ்டியரிங்கைத் திருப்பித் திருப்பி அடக்கப் பார்த்தால் ஆட்டம் பெருகும்; த்ராட்டிலைச் சட்டென்று மூடினாலும் ஆபத்து. டிரிமைக் கொஞ்சம் கீழே இறக்கி, வேகத்தை மெல்லக் குறையுங்கள். கரையில் டிரைவைக் கையால் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். கிம்பல் ரிங்கிலோ இரண்டு டிரைவையும் இணைக்கும் டை பாரிலோ ஆட்டம் இருந்தால் அதுதான் காரணம். அதைச் சரிசெய்யாமல் மறுபடி வேகம் தொடவேண்டாம்.

20 மணி நேரம் ஆனதும் எஞ்சின் எண்ணெய், ஃபில்டர், டிரைவ் எண்ணெய் மூன்றும் மாற்றி, மவுன்ட்களை மறுபடி இறுக்கி, டிரைவைக் கழற்றி அலைன்மென்ட் பாரை இன்னொரு முறை விட்டுப் பாருங்கள். புது மவுன்ட் ரப்பர் இதற்குள் அமர்ந்திருக்கும். டிரைவ் எண்ணெய் பால் நிறத்தில் வந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது. புரொப்பல்லர் ஷாஃப்ட் சீலில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.