வீட்டில் பதிவு செய்த பாட்டை ஆடியோ சிடியில் ஏற்றுவது எப்படி?

நான் முதன்முதலில் எழுதிய சிடி நண்பரின் காரில் பாடவே இல்லை. கணினியில் ஒன்பது பாட்டும் ஒழுங்காக ஓடின. காரில் போட்டதும் தட்டு உள்ளே போய், சற்று நேரம் முனகிவிட்டு வெளியே வந்தது. பிளேயரைத் திட்டினோம், தட்டைத் திட்டினோம். தப்பு என்னுடையது. ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வேவ் கோப்புகளை அப்படியே இழுத்துப் போட்டு எழுதியிருந்தேன். அது டேட்டா சிடி. அந்தப் பிளேயர் கேட்டதோ ஆடியோ சிடி.

இரண்டையும் ஒரே வெற்றுத் தட்டில்தான் எழுதுகிறோம், எழுதும் முறைதான் வேறு. 1980இல் பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த ‘ரெட் புக்’ விதிப்படி, ஆடியோ சிடியில் கோப்பு, கோப்புறை என்று எதுவும் கிடையாது. ஒலி உள்ளிருந்து வெளியே ஒரே நீளச் சுருளாக ஓடும். எந்தப் பாட்டு எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற பட்டியல் மட்டும் தட்டின் உள்விளிம்பில் இருக்கும். விநாடிக்கு 44,100 மாதிரிகள் (மாதிரி என்பது ஒலி அலையை ஒரு கணத்தில் அளந்த அளவு), மாதிரிக்கு 16 பிட், இடது வலது என இரண்டு சானல். நீங்கள் எவ்வளவு உயர்ந்த தரத்தில் பதிவு செய்திருந்தாலும் கடைசியில் இந்த அளவுக்குள்தான் வந்தாக வேண்டும்.

புதிதாக வருபவர்களைக் குழப்பும் ஒரு கணக்கு உண்டு. இந்தத் தரத்தில் ஒரு நிமிட ஒலிக்கு 10 மெகாபைட்டுக்கு மேல் ஆகும். 80 நிமிடத்துக்கு 800ஐத் தாண்டிவிடும். தட்டிலோ 700 மெகாபைட் என்று அச்சிட்டிருக்கிறது. ஆனாலும் 80 நிமிடம் கொள்ளும். தட்டின் ஒவ்வொரு பகுதியிலும் 2,352 பைட் இடம் உண்டு. ஆடியோ சிடி அதை முழுக்க ஒலிக்கே கொடுத்துவிடும். டேட்டா சிடி 2,048 பைட்டைக் கோப்புக்குக் கொடுத்துவிட்டு, மீதியை முகவரிக்கும் கூடுதல் பிழைத்திருத்தத்துக்கும் வைத்துக்கொள்ளும். ஒலியில் ஒரு மாதிரி கெட்டால் பிளேயர் அக்கம்பக்கத்தைப் பார்த்து நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. கோப்பில் ஒரு பிட் கெட்டால் கோப்பே போச்சு. அதனால் மெகாபைட்டை மறந்துவிட்டு நிமிடக் கணக்கை மட்டும் பாருங்கள். விளிம்புவரை நிரப்பாமல் ஒன்றிரண்டு நிமிடம் மிச்சம் விடுவது நல்லது.

தேவையானவை அதிகமில்லை. சிடி எழுதும் டிரைவ் வேண்டும், யுஎஸ்பியில் மாட்டும் வெளி டிரைவ் போதும். ஒரு முறை மட்டும் எழுதும் சிடி-ஆர் தட்டு வேண்டும். அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூ வேண்டாம், அது ஒளியைக் குறைவாகத் திருப்பி அனுப்புவதால் பழைய பிளேயர்கள் பல அதைப் படிக்காது. ஒலியைச் சீராக்க ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருள் ஒன்று. ஆடாசிட்டி தானாகச் சிடி எழுதாது என்பதால் எழுதுவதற்குத் தனியாக ஒன்று: விண்டோஸில் இம்க்பர்ன் அல்லது சிடிபர்னர்எக்ஸ்பி, லினக்ஸில் கே3பி, மேக்கில் கூடவே வரும் மியூசிக் செயலி.

முதல் வேலை: மூலத்தைச் சரிபார்ப்பது

மிக்ஸ் முடித்த, அதாவது குரலையும் வாத்தியங்களையும் கலந்து முடித்த, பாட்டுகளை 24 பிட் வேவ் கோப்பாக வெளியே எடுங்கள். எம்பி3 வேண்டாம். எம்பி3யை வேவாக மாற்றினால் கோப்பு பெரிதாகும், தரம் திரும்பி வராது. அதில் இன்னொரு தொல்லையும் உண்டு: எம்பி3 ஆக்கும்போது பாட்டின் முன்னும் பின்னும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும். இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து ஓட வேண்டிய பாட்டுகளில் அது தடுக்கி விழுவதுபோல் கேட்கும்.

மிக்ஸின் உச்சம் மைனஸ் 6 டெசிபெல் அளவில் நிற்கட்டும். அடுத்து வரும் மாஸ்டரிங்கில், அதாவது எல்லாப் பாட்டையும் ஒன்றுக்கொன்று சீராக்கும் வேலையில், கை வைக்க இடம் வேண்டுமே. மிக்ஸ் செய்யும்போது மாஸ்டர் சானலில், உச்சத்தை அழுத்திப் பிடிக்கும் லிமிட்டர் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு ஏற்றுமதி செய்யுங்கள்.

வீடியோவுக்கென்று பதிவு செய்தவர்கள் பெரும்பாலும் விநாடிக்கு 48,000 மாதிரிகள் என்ற அளவில் வைத்திருப்பார்கள். அதை 44,100க்கு மாற்ற வேண்டும். மென்பொருளே மாற்றிக்கொள்ளும். மாற்றாமல் அப்படியே ஓட்டினால் பாட்டு மெதுவாகி, சுருதி ஏறத்தாழ ஒன்றரை அரைச்சுரம் இறங்கிவிடும். பாடியவருக்குச் சளி பிடித்ததுபோல் கேட்டால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

மாஸ்டரிங்: எல்லாப் பாட்டையும் ஒரே மேசையில்

மாஸ்டரிங் என்றதும் விலையுயர்ந்த கருவிகள் நினைவுக்கு வரும். வீட்டில் செய்யும் சிடிக்கு அதில் முக்கால்வாசி தேவையில்லை. ஒவ்வொரு பாட்டும் தனித்தனி நாளில், தனித்தனி மனநிலையில் உருவானது. அவை அடுத்தடுத்து வரும்போது கேட்பவர் ஒலி பட்டனைத் தேடி எழுந்து போகக்கூடாது. வேலை அவ்வளவுதான்.

அதனால் முதலில் வரிசையை முடிவு செய்யுங்கள். பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு பாட்டின் சத்தம் சரியா என்பது அதற்கு முன்னால் எது ஓடியது என்பதைப் பொறுத்தது. எல்லாப் பாட்டையும் ஆடாசிட்டியில் ஒரே திட்டத்தில், ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வையுங்கள்.

அப்புறம் சத்தம். இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறோம். ‘நார்மலைஸ்’ கொடுத்தால் எல்லாப் பாட்டும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. அது உச்சத்தை மட்டுமே பார்க்கிறது. ஒரு பாட்டில் டிரம் ஒரே ஒரு முறை பலமாக அடித்திருந்தால் போதும், அந்தப் பாட்டு முழுக்கத் தணிந்தே கிடக்கும். பக்கத்துப் பாட்டில் கீபோர்டு சீராக ஒலித்தால் அது கத்தும். இரண்டின் உச்சமும் ஒன்றுதான், காதுக்கு மட்டும் ஒன்றல்ல. காது உணரும் சத்தத்தை அளக்க எல்யூஎஃப்எஸ் என்ற அலகு இருக்கிறது. ஆடாசிட்டியில் ‘லவுட்னஸ் நார்மலைசேஷன்’ என்ற தனி எஃபெக்ட் இந்த அலகில் வேலை செய்யும்.

எவ்வளவு வைப்பது? சிடிக்கு இவ்வளவு சத்தம்தான் என்று ரெட் புக்கில் எந்த விதியும் இல்லை. விதி இல்லாததால்தான் 90களில் ஆளாளுக்குப் போட்டி போட்டு ஒலியை நசுக்கினார்கள். மைனஸ் 14க்கும் மைனஸ் 12 எல்யூஎஃப்எஸ்ஸுக்கும் நடுவில் வைத்தால் முதல் சிடிக்கு நன்றாகவே இருக்கும் என்பது என் அனுபவம். எல்லாவற்றையும் அந்த எண்ணுக்குக் கொண்டுவந்த பிறகு எண்ணை மறந்துவிடுங்கள். கிட்டார் மட்டும் வைத்துப் பாடிய மென்மையான பாட்டு, முழு வாத்தியக் குழுவின் சத்தத்துக்கு நிகராக வந்தால் பொய்யாகத் தெரியும். அதை இரண்டு மூன்று டெசிபெல் இறக்குங்கள். எனக்கு ஒத்துவந்த வழி, குரலை மட்டும் கவனிப்பது. ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததன் தொடக்கத்தையும் மாறிமாறிக் கேட்டு, பாடுபவர் ஒரே தூரத்தில் நிற்பதுபோல் தோன்றும்வரை ஏற்றி இறக்குவேன்.

தொனி வேறுபாட்டையும் அப்போதே பார்த்துவிடலாம். ஒரு பாட்டு மட்டும் மந்தமாக இருந்தால் தொனியைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் மேல் சுரங்களை ஒன்றரை, இரண்டு டெசிபெல் தூக்கினால் போதும். அதற்கு மேல் தேவைப்பட்டால் கோளாறு மிக்ஸில் இருக்கிறது, அங்கே போய்த் திருத்துங்கள்.

கடைசியாக லிமிட்டர், உச்சவரம்பு மைனஸ் 1 டெசிபெல். சரியாகப் பூஜ்ஜியத்தில் வைக்காததற்குக் காரணம் உண்டு. நாம் பார்ப்பது மாதிரிகளின் உயரம். பிளேயர் அவற்றை மறுபடி அலையாக மாற்றும்போது இரண்டு மாதிரிகளுக்கு நடுவில் அலை இன்னும் மேலே எழும்பலாம். அந்த இடத்தில் சில பிளேயர்கள் கரகரக்கும்.

பாட்டின் முடிவைத் தேய்த்து மறைக்கும் ஃபேடைத் தாராளமாகவே விடுங்கள். எதிரொலி முற்றிலும் அடங்கிய பிறகு வெட்டுங்கள். இதை ஹெட்ஃபோனில் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். ஸ்பீக்கரில் அடங்கியதுபோல் தோன்றியது ஹெட்ஃபோனில் பாதியில் அறுந்திருக்கும்.

24 பிட்டிலிருந்து 16க்கு இறங்குவது எல்லாம் முடிந்த பிறகு, ஒரே ஒரு முறை. சும்மா வெட்டினால் மிக மெல்லிய ஒலிகள், குறிப்பாக அந்த எதிரொலியின் வால், மணல் மணலாக உடையும். அதைத் தடுக்கக் காதுக்கு எட்டாத அளவு இரைச்சலைத் தூவுவார்கள். அதன் பெயர் டிதர். ஆடாசிட்டியின் இயல்பு அமைப்பில் 16 பிட்டாக ஏற்றுமதி செய்யும்போது அது தானாகவே சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு கோப்பில் மீண்டும் கை வைக்காதீர்கள்.

வெட்டுவதும் இடைவெளியும்

தனித்தனிப் பாட்டுகள் என்றால் இது எளிது. பாட்டுக்குப் பாட்டு இரண்டு விநாடி மௌனம் என்பதுதான் பல மென்பொருட்களின் வழக்கம். ஆனால் அதுவே எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஆர்ப்பாட்டமான பாட்டுக்குப் பிறகு சோகமான ஒன்று வந்தால் நான்கு விநாடிகூட விடலாம். என் வழி, தேவையான மௌனத்தைப் பாட்டின் கடைசியிலேயே சேர்த்துவிட்டு மென்பொருளில் இடைவெளியைப் பூஜ்ஜியம் ஆக்குவது. முதல் பாட்டுக்கு முன்னால் வரும் இரண்டு விநாடி மட்டும் கட்டாயம், அதை விட்டுவிடுங்கள்.

கச்சேரிப் பதிவாக இருந்தால் கைதட்டலோ சுருதிப் பெட்டியின் ஒலியோ பாட்டுக்குப் பாட்டு தொடரும். அங்கே அறுந்தால் உடனே தெரியும். சிடி ஒரு விநாடியை 75 துண்டுகளாகப் பிரிக்கிறது, ஒரு துண்டில் 588 மாதிரிகள். பாட்டின் எல்லை எப்போதும் ஒரு துண்டின் எல்லையில்தான் விழ முடியும். நீங்கள் நடுவில் எங்காவது வெட்டியிருந்தால் மிச்ச இடத்தை மென்பொருள் மௌனத்தால் நிரப்பும், அது ஒரு ‘டிக்’ ஓசையாகக் கேட்கும். ஆடாசிட்டியின் நேர அமைப்பில் ‘சிடிடிஏ ஃபிரேம்’ என்ற வகையைத் தேர்ந்து, ஸ்னாப்பையும் போட்டுக்கொண்டால் குறிகள் தாமாகவே சரியான எல்லையில் ஒட்டும். பாட்டு தொடங்கும் ஒவ்வொரு இடத்திலும் லேபிள் என்ற குறியை வைத்து, லேபிள்படி பல கோப்புகளாக ஏற்றுமதி செய்யலாம். ஒரு பாட்டு குறைந்தது நான்கு விநாடி இருக்க வேண்டும், ஒரு தட்டில் 99 பாட்டுவரை போகலாம். 99ஐத் தொட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

எழுதும் நாள்

‘பர்ன்’ என்ற சொல்லில் பொய்யில்லை. லேசர் தட்டின் சாய அடுக்கைப் புள்ளி புள்ளியாகச் சூடாக்கி ஒளி திரும்பும் தன்மையை மாற்றுகிறது. ஒரு முறை மாறினால் மாறியதுதான்.

மென்பொருளைத் திறந்ததும் ‘ஆடியோ சிடி’ என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். என் கார் கதை இங்கேதான் தொடங்கியது. வேவ் கோப்புகளை வரிசைப்படி சேருங்கள். எழுதும் முறையில் ‘டிஸ்க் அட் ஒன்ஸ்’ இருக்கட்டும். ‘டிராக் அட் ஒன்ஸ்’ முறையில் லேசர் ஒவ்வொரு பாட்டுக்கும் நின்று நின்று எழுதுவதால் நீங்கள் கவனமாக அமைத்த தொடர்ச்சி கெடும்.

ஒலியைச் சமப்படுத்தும் வசதிகள் எங்கே இருந்தாலும் அணைத்துவிடுங்கள். மேக்கின் மியூசிக் செயலியில் ‘சவுண்ட் செக்’, பழைய விண்டோஸ் மீடியா பிளேயரில் ஒலியளவைச் சமமாக்கும் ஒரு டிக் பெட்டி. இரவெல்லாம் உட்கார்ந்து ஏற்றி இறக்கியதை இவை ஒரு நொடியில் கலைத்துவிடும்.

பாட்டின் பெயர் பிளேயரில் தெரிய வேண்டுமானால் சிடி-டெக்ஸ்ட் நிரப்பலாம். ஆனால் அதில் தமிழ் எழுத்துக்கு இடமில்லை, பெயர்களை ரோமன் எழுத்தில்தான் எழுத வேண்டும். தமிழில் தட்டினால் பிளேயரில் கேள்விக்குறிகள் வரிசைகட்டி நிற்கும். எல்லாப் பிளேயரும் இதைக் காட்டாது என்பதால் நான் பெரிதாக மெனக்கெடுவதில்லை.

வேகத்தை 8 அல்லது 16 மடங்கில் வையுங்கள். எவ்வளவு மெதுவோ அவ்வளவு நல்லது என்பது பழைய நம்பிக்கை. இப்போதைய தட்டுகள் அதிவேகத்துக்கென்று செய்யப்பட்டவை, மிகக் குறைந்த வேகத்தில் அவை கூடுதல் பிழை காட்டுவதும் உண்டு. எழுதும்போது மடிக்கணினியைத் தூங்கவிடாதீர்கள், டிரைவை ஹப் வழியாக இல்லாமல் நேராக மாட்டுங்கள். முடிவில் ‘ஃபைனலைஸ்’ அல்லது தட்டை மூடும் தேர்வு கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் பாட்டுப் பட்டியல் முழுமையாகாது, வீட்டுப் பிளேயர் தட்டையே கண்டுகொள்ளாது.

தட்டு வந்ததும் அதைக் கணினியில் அல்லாமல் சாதாரண பிளேயரில் போட்டு முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். கடைசிப் பாட்டை இரண்டு முறை கேளுங்கள். எழுத்து உள்ளிருந்து வெளியே போவதால் கடைசிப் பாட்டு வெளி விளிம்பில் விழுகிறது, நாம் விரல் வைக்கும் இடமும் அதுதான்.

மேலே பெயர் எழுத, சிடிக்கென்றே வரும் மெல்லிய முனை மார்க்கர் போதும். பால்பாயிண்ட் பேனா கூடாது. பதிவு அடுக்கு மேற்பக்கத்துக்குச் சற்றுக் கீழேதான் இருக்கிறது, அதனால் கீழ்ப்பக்கக் கீறலைவிட மேற்பக்கக் கீறலே ஆபத்து. காகித லேபிளும் வேண்டாம். கொஞ்சம் கோணலாக ஒட்டினாலும் தட்டு ஆடும், வெப்பத்தில் உரியவும் செய்யும். காரின் முகப்பில் வெயிலில் போட்டு வைத்தால் சாயம் சீக்கிரமே வெளுத்துவிடும்.

இன்னும் பத்துப் பிரதி வேண்டுமென்றால் எழுதிய தட்டிலிருந்து எடுக்காதீர்கள். 16 பிட் வேவ் கோப்புகளையும் இடைவெளிக் குறிப்பையும் ஒரு கோப்புறையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அதிலிருந்தே எழுதுங்கள். 24 பிட் மிக்ஸ்களும் பக்கத்திலேயே இருக்கட்டும், மூன்றாவது பாட்டில் குரல் தணிவு என்று யாராவது கண்டிப்பாகச் சொல்வார்கள்.