தலைமை நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் கூடைப்பந்தின் மேல்தட்டான 'டிவிஷன் ஒன்று' பிரிவில் 360-க்கும் மேற்பட்ட அணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தலைமைப் பயிற்சியாளர் ஒருவர்தான். அவருக்குக் கீழே 2023 வரை மூன்று உதவிப் பயிற்சியாளர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு ஜூலையிலிருந்து ஐந்து பேர் வரை வைத்துக்கொள்ளலாம் என்றானது. ஆக, ஆயிரத்துக்கும் அதிகமான பேர் ஆண்டுக்கு ஐம்பது, அறுபது காலியாகும் தலைமை இடங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த இடங்களிலும் பலவற்றை ஏற்கெனவே வேறு கல்லூரியில் தலைமைப் பொறுப்பில் இருப்பவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் எல்லாம் அதிர்ஷ்டம் என்று தோன்றலாம். பல ஆண்டுகளாக இவர்களின் பயணங்களைக் கவனித்துவரும் எனக்கு அப்படித் தோன்றவில்லை. திறமை இல்லாமல் நின்றுபோனவர்களைவிட, வெளியே தன் பெயர் எந்த வேலையோடு சேர்த்துப் பேசப்படுகிறது என்பதைக் கவனிக்காமல் நின்றுபோனவர்களே அதிகம் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகள் யாராவது இந்தப் பக்கம் போக நினைத்தால் அவர்களிடம் சொல்ல விரும்புவதையே இங்கே எழுதுகிறேன்.

"நான் பெரிய ஆட்டக்காரன் இல்லையே" என்று வாசலிலேயே திரும்புவது

பிராட் ஸ்டீவன்ஸ் 2000-ஆம் ஆண்டில் எலை லில்லி மருந்து நிறுவனத்தில் நல்ல வேலையில் இருந்தார். அதை விட்டுவிட்டு பட்லர் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அலுவலகத்தில் சம்பளமில்லாமல் சேர்ந்தார். அடுத்த ஆண்டே உதவிப் பயிற்சியாளர், 2007-இல் முப்பது வயதில் தலைமைப் பயிற்சியாளர். 2010, 2011 இரண்டு ஆண்டுகளிலும் அந்தச் சின்னக் கல்லூரியை தேசிய இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோனார். டஸ்டி மே, பாப் நைட் தலைமைப் பயிற்சியாளராக இருந்த காலத்து இண்டியானா அணியில் மாணவர் மேனேஜராக இருந்தவர். பந்து எடுத்துப் போடுவது, துண்டு மடிப்பது, வீடியோ வெட்டித் தருவது போன்ற வேலைகளைச் செய்பவர்தான் மேனேஜர். அப்புறம் ஐந்தாறு கல்லூரிகளில் உதவியாளராக அலைந்து, 2018-இல் புளோரிடா அட்லாண்டிக்கில் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். 2023-இல் அந்த அணி தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக நின்றது.

ஆனால் இந்தக் கதைகளை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்புவதும் தவறு. சம்பளமில்லாமல் ஒரு வருடம் தாக்குப்பிடிக்க வீட்டில் யாராவது தாங்க வேண்டும். எல்லோருக்கும் அது அமையாது. 1990-களில், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பே ஒரு விதி போட்டு, அணிக்கு ஒரு உதவிப் பயிற்சியாளரின் ஆண்டு ஊதியத்தை 16,000 டாலருக்கு மேல் போகாமல் கட்டிப்போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்குப் போட்டார்கள். அந்த விதி வணிகப் போட்டியைக் காக்கும் சட்டத்துக்கு எதிரானது என்று நீதிமன்றம் சொன்னது, 1999-இல் 54.5 மில்லியன் டாலர் தந்து என்சிஏஏ சமரசம் செய்துகொண்டது. இந்தத் தொழிலின் கீழ்ப்படிகளில் உழைப்புக்கு ஏற்ற கூலி எளிதில் கிடைப்பதில்லை. அதனால் எத்தனை வருடம் இந்த வருமானத்தில் ஓட்ட முடியும் என்று வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டுவிட்டு இறங்குங்கள்.

"ஆள் பிடிப்பவர்" என்ற முத்திரை

என் பார்வையில் மிக அதிகமான வாழ்க்கைகளை முடக்கிய தவறு இதுதான்.

உதவிப் பயிற்சியாளரின் வேலையில் முக்கியமாக மூன்று பகுதிகள் உண்டு. ஒன்று ரெக்ரூட்டிங்: பள்ளி ஆட்டங்களையும் கோடைக்கால கிளப் போட்டிகளையும் தேடிப் போய், பதினாறு வயதுப் பையனின் அம்மாவிடமும் மாமாவிடமும் நம்பிக்கை சம்பாதித்து, ஆட்டக்காரரைக் கல்லூரிக்கு அழைத்துவருவது. இரண்டாவது ஸ்கௌட்: வரப்போகும் எதிரணிகளை உதவியாளர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள், உங்கள் பங்குக்கு வந்த எதிரணியின் பல ஆட்டங்களைப் பார்த்து, அவர்கள் எப்படி விளையாடுவார்கள், எப்படித் தடுப்பது என்று அணிக்கு முன்னால் நின்று விளக்க வேண்டும். மூன்றாவது, ஒவ்வொரு ஆட்டக்காரரையும் தனியாக வைத்து வளர்த்தெடுப்பது.

முதல் வேலையில் கெட்டிக்காரராக இருப்பவரை மேலே இருப்பவர்கள் அந்த வேலையிலேயே ஓட விடுவார்கள். அவரும் மகிழ்ச்சியாக ஓடுவார். பாராட்டு கிடைக்கும், ஊதியம் கூடும். பத்து வருடம் கழித்து ஒரு தலைமை இடம் காலியாகும்போது, அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர் அவரைப் பற்றி நல்ல ஆட்டக்காரர்களைக் கொண்டுவருவார் என்று சொல்வார். ஆட்டத்தை நடத்தத் தெரியுமா என்று அடுத்து ஒரு கேள்வி வரும். அதற்குச் சாட்சி சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். கறுப்பினப் பயிற்சியாளர்கள் பல பத்தாண்டுகளாக இதைச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருக்கிறார்கள்: எங்களை ஆள் சேர்ப்பவர்களாகவே பார்க்கிறார்கள், வியூகம் தெரிந்தவர்களாகப் பார்ப்பதில்லை என்று. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டிய பொறுப்பு வேலைக்கு எடுப்பவர்களுடையது. ஆனாலும் அவர்கள் திருந்தும்வரை காத்திருக்க முடியாதே. எனவே வேலைக்குச் சேரும் நாளிலேயே கேளுங்கள்: எனக்கு எத்தனை ஸ்கௌட் தருவீர்கள்? தடுப்பாட்டத்தையோ, பக்கவாட்டுக் கோட்டிலிருந்து பந்து போடும் ஆட்டங்களையோ என் பொறுப்பில் விடுவீர்களா?

டாமி லாய்ட் இதற்கு நல்ல உதாரணம். கொன்சாகாவில் தலைமைப் பயிற்சியாளர் மார்க் ஃபியூவின் பக்கத்தில் ஏறத்தாழ இருபது வருடம் உட்கார்ந்திருந்தார். வெளிநாட்டு ஆட்டக்காரர்களைக் கண்டுபிடிப்பதில்தான் முதலில் பெயர் வாங்கினார். லித்துவேனியாவின் சபோனிஸ், ஜப்பானின் ஹச்சிமுரா போன்றவர்கள் அந்தக் கல்லூரிக்கு வந்த காலம் அது. அந்தப் பெயரோடு அவர் நின்றுவிடவில்லை, அணியின் தாக்குதல் ஆட்டம் முழுக்க அவருக்கு அத்துபடி. 2021-இல் அரிசோனா அழைத்தது. முதல் பருவத்திலேயே 33 வெற்றி, 4 தோல்வி.

இப்போது இந்த முத்திரைக்கு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 2018-இல், கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயரைப் பதிவு செய்யும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்தது. 2021-இல், முதல் முறை கல்லூரி மாறுபவர் ஒரு வருடம் வெளியே உட்கார வேண்டும் என்ற கட்டாயம் போனது. அதே ஆண்டு ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது. 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் தரலாம். இன்று ஓர் அணியில் பாதிப் பேர் வேறு கல்லூரியிலிருந்து வந்த இருபத்திரண்டு வயதுக்காரர்களாக இருப்பது சாதாரணம். ஒரே ஊரின் பள்ளிப் பயிற்சியாளர்களைப் பதினைந்து வருடம் பழக்கிவைத்திருக்கும் உதவியாளருக்கு அந்தப் பழக்கம் முன்பு போல் கைகொடுக்காது. வசந்த காலத்தில் போர்ட்டல் திறந்திருக்கும் சில நாட்களுக்குள் வீடியோவைப் பார்த்து, பட்ஜெட்டுக்குள் யார் நமக்குப் பொருந்துவார் என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் தேடுகிறார்கள்.

முதலாளி சொன்ன பொய்க்குத் தலையாட்டுவது

2008-இல் டென்னசி பல்கலைக்கழகப் பயிற்சியாளர் புரூஸ் பேர்ல் தன் வீட்டில் ஒரு பார்பெக்யூ விருந்து வைத்தார். பள்ளியில் இன்னும் கடைசி வகுப்புக்கு வராத ஆட்டக்காரர் ஒருவரை அங்கே அழைத்தது விதிமீறல். சின்ன விதிமீறல்தான், உடனே சொல்லியிருந்தால் சின்னத் தண்டனையோடு போயிருக்கும். 2010-இல் விசாரணையாளர்கள் விருந்தில் எடுத்த புகைப்படத்தைக் காட்டி இது எங்கே எடுத்தது என்று கேட்டபோது பேர்ல் பொய் சொன்னார். அவருடைய உதவியாளர்கள் மூவரும் முழு உண்மையைத் திறந்து சொல்லவில்லை. 2011 மார்ச்சில் எல்லோருக்கும் வேலை போனது. அந்த ஆகஸ்டில் பேர்லுக்கு மூன்று ஆண்டு ஷோ-காஸ், உதவியாளர்களுக்கு ஆளுக்கு ஓராண்டு.

ஷோ-காஸ் என்றால் நேரடித் தடை அல்ல. தண்டனைக் காலத்தில் உங்களை வேலைக்கு எடுக்கும் கல்லூரி என்சிஏஏ முன் வந்து, எங்களுக்கு ஏன் தண்டனை தரக்கூடாது என்று காரணம் காட்ட வேண்டும். அந்தத் தலைவலியை யாரும் விலைக்கு வாங்க மாட்டார்கள். ஆகவே நடைமுறையில் அது வனவாசம்தான்.

அந்த மூவரில் ஒருவர் ஸ்டீவ் ஃபோர்ப்ஸ். என்சிஏஏ எல்லைக்கு வெளியே உள்ள புளோரிடாவின் ஒரு இரண்டாண்டுக் கல்லூரிக்குப் போய்த் தலைமைப் பயிற்சியாளரானார். இருந்த இரண்டு ஆண்டுகளிலும் அந்த அணியை ஜூனியர் கல்லூரி தேசிய இறுதிக்குக் கொண்டுவந்தார். பிறகு விசிட்டா ஸ்டேட்டில் மறுபடி உதவியாளர், 2015-இல் ஈஸ்ட் டென்னசி ஸ்டேட், 2020-இல் வேக் ஃபாரஸ்ட். அவர் மீண்டு வந்தார், அதில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் மீண்டு வர முடிந்தவர்களின் பெயர்தான் நமக்குத் தெரிகிறது.

2017 செப்டம்பரில் நடந்தது இதைவிடக் கொடியது. நான்கு பெரிய பல்கலைக்கழகங்களின் உதவிப் பயிற்சியாளர்களை எஃப்பிஐ ஒரே நாளில் கைது செய்தது. தங்களை நம்பும் ஆட்டக்காரர்களைக் குறிப்பிட்ட நிதி ஆலோசகர்களிடம் தள்ளிவிட லஞ்சம் வாங்கினார்கள் என்பது குற்றச்சாட்டு. நால்வரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், இருவர் மூன்று மாதம் சிறை போனார்கள். அதில் ஒருவர் வாங்கியதாக ஒப்புக்கொண்டது 20,000 டாலர். இப்போது ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது சட்டப்படி சரியாகிவிட்டதால் அந்தக் கதை முடிந்தது என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அப்படி இல்லை. ஆட்டக்காரர் சம்பாதிக்கலாம், அவரை ஓர் ஏஜெண்டிடம் கொண்டுபோய்விட நீங்கள் கமிஷன் வாங்குவது இன்றும் லஞ்சமே. சுற்றிலும் பணம் புழங்கும்போது இந்தக் கோட்டைத் தெளிவாகப் பார்ப்பது இன்னும் கடினம். கொஞ்சமாவது சந்தேகம் வந்தால் அன்றைக்கே விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு எழுத்தில் எழுதிவிடுங்கள்.

வாய்மொழி வாக்கை நம்பி இருப்பது

பில் கத்ரிஜ் வட கரோலினாவில் தலைமைப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்துக்கு முப்பது வருடம் உதவியாளராக இருந்தார். 1997-இல் ஸ்மித் ஓய்வு பெற்றபோது இவருக்கு வயது 60. மூன்றே பருவங்கள் நடத்தி, இரண்டு முறை கடைசி நான்குக்கு அழைத்துப் போய்விட்டு அவரும் ஓய்வு பெற்றார். அழகான வாழ்க்கை அது. அவருக்கு வேறெங்கும் போகும் ஆசை இல்லை. அப்படிப்பட்ட மனம் உங்களுக்கு இருந்தால் தாராளமாக இருங்கள். ஆனால் "எனக்குப் பிறகு நீதான்" என்று தலைமைப் பயிற்சியாளர் தனியறையில் சொன்ன வார்த்தையை நம்பி வந்த வாய்ப்புகளை விட்டால், அவரை நீக்கும் நாளில் உங்களையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள். பர்டூவில் ஜீன் கீடிக்கு அடுத்து மேட் பெயிண்டர், டியூக்கில் ஷஷெவ்ஸ்கிக்கு அடுத்து ஜான் ஷையர் என்பதெல்லாம் பல்கலைக்கழகம் முன்கூட்டியே பொதுவில் அறிவித்த ஏற்பாடுகள். உதவியாளர்களின் ஒப்பந்தம் பல இடங்களில் ஓராண்டு, ஈராண்டுதான். தலைமை மாறினால் எத்தனை மாதச் சம்பளம் வரும் என்ற வரியைக் கையெழுத்துக்கு முன்பு படியுங்கள்.

ஒரே ஒருவரிடம் மட்டும் கற்பதும் குறைதான். டாட் கோல்டன் கொலம்பியாவில் கைல் ஸ்மித்திடம் புள்ளிவிவரங்களை வைத்து அணி கட்டக் கற்றார். ஆபர்னில் அதே புரூஸ் பேர்லிடம் வேறு மாதிரியான வேகத்தைப் பார்த்தார். 2025-இல் புளோரிடாவுக்குத் தேசியப் பட்டம் வாங்கித் தந்தபோது அவருக்கு வயது 39.

சின்ன மைதானத்தை இறக்கம் என்று நினைப்பது

போ ரயன் 1984-இல் விஸ்கான்சின் உதவியாளர் பதவியை விட்டுவிட்டு, ஸ்காலர்ஷிப்கூட இல்லாத டிவிஷன் மூன்றில் பிளாட்வில் என்ற சின்ன ஊருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அங்கே நான்கு தேசியப் பட்டங்கள் வென்றார். 2001-இல் அதே விஸ்கான்சின் அவரைத் தலைமைப் பொறுப்புக்கு அழைத்தது. ஜான் பைலைன் இன்னும் ஒரு படி மேல்: வாழ்நாளில் ஒரு நாளும் அவர் உதவியாளராக இருந்ததில்லை. பள்ளி அணி, இரண்டாண்டுக் கல்லூரி என்று தொடங்கி, ஒவ்வொரு தட்டிலும் தலைமையாகவே இருந்து மிச்சிகன் வரை வந்தார். பென் மெக்காலம் டிவிஷன் இரண்டில் நான்கு பட்டங்கள் வென்ற பிறகுதான் 2024-இல் டிரேக்குக்கும் அடுத்த ஆண்டு அயோவாவுக்கும் போனார்.

அதற்காக முதலில் வரும் எந்தத் தலைமை வேலையையும் பிடித்துக்கொள்ளச் சொல்லவில்லை. டிவிஷன் ஒன்றின் ஏழைக் கல்லூரிகள் நவம்பர், டிசம்பரில் பணத்துக்காகப் பெரிய அணிகளின் மைதானங்களுக்குப் போய் ஆடும். அந்தப் பணம் பெரும்பாலும் கல்லூரியின் விளையாட்டுத் துறை நிதிக்குப் போகும். தோல்விகள் உங்கள் பெயரில் ஏறும். நேர்காணலில் இதை நேராகக் கேளுங்கள்: இப்படி எத்தனை ஆட்டம் கட்டாயம், அதில் வரும் பணத்தில் அணிக்கு எவ்வளவு, உதவியாளர்களுக்கு நீங்கள் தரும் சம்பளத்தில் நான் நினைக்கும் ஆட்களைக் கூட்டிவர முடியுமா? பதில் சுற்றி வளைத்து வந்தால், இன்னும் ஒரு பருவம் பழைய நாற்காலியிலேயே இருந்துவிடலாம்.