விடுதித் தண்ணீருக்காகத் தேர்தலில் நின்றேன்

எங்கள் விடுதியில் இரவு 9 மணிக்கே குடிநீர் நின்றுவிடும். தனித்தனியாகக் கொடுத்த புகார்கள் வார்டன் மேசையிலேயே தூங்கின. பொறுக்க முடியாமல் மாணவர் பேரவைச் செயலாளர் பதவிக்கு நின்றேன். மாணவர் தேர்தல்களுக்கான லிங்டோ குழு விதிப்படி, வேட்பாளருக்குக் குறைந்தது 75 சதவீத வருகைப்பதிவு, 5,000 ரூபாய்க்குள் தேர்தல் செலவு. இரண்டும் எனக்குச் சிக்கலில்லை.

ஜெயித்ததும் உடனே மனு எழுதவில்லை. 14 நாள், தண்ணீர் நிற்கும் நேரத்தை ஒரு நோட்டில் குறித்தோம். பிளம்பர் அண்ணனைக் கூட்டிவந்து பார்த்தால், மேல்தொட்டிக்குள் தண்ணீரை விட்டு நிறுத்தும் மிதவை வால்வு துருப்பிடித்துப் பாதியில் இறுகிக் கிடந்தது! நோட்டோடு அவர் எழுதித் தந்த செலவுக் கணக்கையும் இணைத்து கல்லூரி முதல்வரிடம் கொடுத்தேன். நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்க மறக்காதீர்கள். எங்களுக்குக் கைகொடுத்தது அதுதான். பத்தாம் நாள் வால்வு மாறியது. அன்றிரவு 11 மணிக்கு என் அறைத்தோழி குடம் நிறையத் தண்ணீர் பிடித்துவந்தாள்.